மேற்குச் சுவர்

கச்சான் காற்று தொடங்கிப் பன்னிரண்டாம் நாள்.
பின்னேரம் மூன்று மணி.
நிலாவெளி வீதியில் ஒரு சுவரைச் சுடுகிறேன்,
கைத்துப்பாக்கி போலிருக்கும் வெப்பமானியால்.
சிவப்புப் புள்ளி கண்ணாடியில் விழுகிறது.
ஐம்பத்தொன்று தசம் நான்கு.
எழுதிக்கொள்கிறேன்.

நாலு மாடி, இருபத்தாறு அறை.
கடல் கிழக்கே கிடக்க
கண்ணாடி முழுக்க மேற்கே:
வீதியால் போகிறவர்கள் பார்க்க வேண்டுமாம்.
இருபத்தாறு ஏசிப் பெட்டிகளும்
வெளியே விடுகிற மூச்சு
கீழே மீன் வெட்டும் பெண்ணின் பிடரியில் இறங்குகிறது.

உபவிதி, பிரிவு ஏழு, (இ):
மேற்குச் சுவரில் கண்ணாடி காற்பங்குக்கு மிஞ்சலாகாது.
மிஞ்சினால் நிழல் வேண்டும்;
தட்டியோ, தாழ்வாரமோ, மரமோ.
அந்த 'மரமோ'வுக்காகக் குழுவில்
ஒன்றரை மணி நேரம் வாதாடினேன்.
மரத்துக்கு எப்படி அனுமதி இலக்கம் போடுவது
என்று கேட்டார் கணக்காளர் குணநாயகம்.
நியாயமான கேள்விதான்.

உரிமையாளர் லரீப் ஹாஜியார் நல்ல மனுசன்.
இளநீர் வெட்டித் தந்தார். குடித்தேன்.
(இதையும் எங்காவது எழுத வேண்டும்.)
பிளானை விரித்தபடி, சிரித்தபடி கேட்டார்:
"மிஸ், உங்கட கந்தோர்ச் செவர அளந்து பாத்தீங்களா?"

பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம்
இளநீர் வயிற்றில் அலையடித்தது.

மறுநாள்.
சபைக் கட்டடம் என்னைவிட இரண்டு வயது இளையது.
முகப்பு மேற்கு. முழுக்கக் கண்ணாடி.
வரி கட்ட வந்தவர்கள்
மத்தியானம் விளக்குக் கம்பத்தடியில் குவிந்து நின்று
நிழல் நீள நீள ஒற்றைக் கோடாய் நீண்டு
அது கதவைத் தொடுகையில்
கருமபீடம் மூடுகிற நேரம்.
பின்பக்கம் தண்ணீர்த் தாங்கியடியில்
நாலைந்து மான்கள் கால் மடித்துப் படுத்திருந்தன.
அவற்றுக்கு யாரும் அறிவித்தல் ஒட்டவில்லை.

எங்கள் மின்மானி எங்கே என்று
மூன்று பேரைக் கேட்டேன்.
பழைய அலுமாரி ஒன்றின் பின்னால் இருந்தது.
ஒட்டறையை விலக்கினால்
உள்ளே வட்டு சுற்றிக்கொண்டிருந்தது,
யாரோ துரத்துவது போல.

தவிசாளர் அறையில் பதினெட்டு.
அவர் இன்று கொழும்பில்.
கதவிடுக்கால் கசியும் குளிரில்
பியோன் வைரமுத்து
செருப்பைக் கழற்றிக் கால்விரல்களை வைத்திருந்தார்.
முன்னால் ஜெசிந்தா,
கழுத்தில் ஈரக் கைக்குட்டையோடு.
அவளுக்கு மேலே காற்றாடி
வெக்கையைக் கிண்டிக் கிண்டி விட்டது.

வெளியே வந்து சுட்டேன்.
ஐம்பத்துமூன்று தசம் ஒன்று.
ஹாஜியாரை விட ஒன்று தசம் ஏழு கூட.

படிவம், நாலு பிரதி.
உரிமையாளர்: நகரசபை, திருகோணமலை.
மீறல்: ஏழு (இ).
திருத்த அவகாசம்: தொண்ணூறு நாள்.
வழங்குபவர் என்ற இடத்தில் ஒப்பமிட்டேன்,
பேனை கொஞ்சம் நழுவியது,
வியர்வை என்று சொல்லலாம்.

ஜெசிந்தா படித்தாள். மறுபடி படித்தாள்.
"மிஸ், இதை ஆரிட்டக் குடுக்கிறது?"
தெரியாது என்றேன்.
அவள் முத்திரையை எடுத்து
வாயால் ஊதி ஈரமாக்கினாள்.
திகதி நேற்றில் நின்றிருந்தது.
திருகி இன்றைக்குக் கொண்டுவந்து
குத்தினாள்:
பெறப்பட்டது.

அப்போதுதான் நிழலின் நுனி கதவைத் தொட்டது.
அதோடு வந்த முதல் ஆள்
உள்ளே ஒரு காலை வைத்து,
"வெளியே பரவாயில்லை" என்று
திரும்பிப் போய்
வரிசையில் நின்றார்.