வினைமுற்று

தக்கலையில் மூன்றாம் மாடி, இரவு எட்டரை.
திரையில் என் வலையமைப்பு:
பதினான்கு முனையங்கள், இருபத்தொரு இழைகள்.
மின்விசிறி மட்டும்தான் உண்மையில் சுற்றுகிறது.

பொட்டலங்களைச் சரமாகக் கோத்து
ஒளியில் விட வேண்டும்.
முதலில் ஒரு சிறு தலைப்பொட்டலம் ஓடும்,
பின்னால் சரம் வருகிறது, வழி விடு என்று.
பதிலுக்கு யாரும் காத்திருப்பதில்லை.
சில மைக்ரோ நொடிகளில் சரம் கிளம்பிவிடும்.

நேற்று குழித்துறைப் பாலத்தருகே
பாறைப்பொடி ஏற்றிய டாரஸும் எங்கள் பஸ்ஸும்
மூக்கோடு மூக்கு நின்றபோது
கண்டக்டர் இறங்கி விசிலடித்தார்.
பெட்டிக்கடை வரை பின்வாங்கியது பஸ்.

ஒளிக்கு ரிவர்ஸ் கியர் இல்லை.
ஒதுங்கி நிற்கக் கடைவாசல் இல்லை.
சுருட்டி வைத்த இழையில்
ஒரு கிலோமீட்டர் வீணாய் ஓடவிட்டால்
ஐந்து மைக்ரோ நொடி கிடைக்கும்.
நிறம் மாற்றி அனுப்பலாம், மாற்றி விலை அதிகம்.
திருவட்டாறு வழியாகச் சுற்றிப் போ எனலாம்,
அங்கும் எவனோ எதிரே வந்துகொண்டிருப்பான்.

ஒன்றும் முடியாதபோது களைவதுதான்.
முழுச்சரத்தையும் அல்ல, மோதும் துண்டை மட்டும்.
"முன்ன போறதுக்க வால வெட்டு" என்றான் றெக்ஸ்லின்,
பப்ஸ் தூள் விசைப்பலகையில் உதிர.
"தல போய்ச் சேரும்லா."
வெட்டினேன்.
நூற்றுக்கு நாலாக இருந்த இழப்பு
ஒன்றரைக்கு இறங்கியது.
டீ வாங்கித் தந்தான்.

அப்போதுதான் மஸ்கட்டிலிருந்து சுஜின்.
"கிறிஸ்மஸுக்கு லீவு கேட்டேன், செரின்னாரு,
டிக்கெட்டும் பாத்தேன், கேட்டியா,
ஆனா இந்தத் தடவ நான் வர"
படம் உறைந்தது.
வாய் திறந்தபடி, அந்த அகரத்தின் அளவுக்கு.

வருவேன். வரல்ல. வரணும்னா.
நம் மொழி எல்லாவற்றையும் வாலில் வைத்திருக்கிறது,
உண்டா இல்லையா என்பதைக்கூட.
வினைமுற்று போனபின்
கையில் இருப்பது சரக்கு விவரம்.

"வாலை வெட்டக் கூடாது" என்றேன்.
"பிட்டுக்கு ஏது பிள்ளா இலக்கணம்?"

அவன் போனபின் சரம் கோக்கும் நிரலைத் திறந்தேன்.
வந்த வரிசையில் கோத்திருந்ததை அவிழ்த்து
இழக்கவே கூடாததை முன்னால் வைத்தேன்,
போனால் போகட்டும் என்பவற்றைக் கடைசியில்.
நாலு வரி மாற்றம்.
மொத்த இழப்பு அதே ஒன்றரை,
கோடு மயிரிழை அசையவில்லை.
ஆனால் களைந்தவற்றின் பட்டியலை
மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை தேடினேன்:
முதல்தரப் பொட்டலம் ஒன்றுகூட இல்லை.

பத்தரை பஸ். சன்னலில் மழை.
சிக்னல் இரண்டு கோடு, ஒரு கோடு.
எடுத்தான்.

"வா" என்றேன்.

பிறகுதான் மற்றதெல்லாம்:
மேற்குச் சுவரில் ஈரம், கியாஸ் தீர்ந்தது,
அவனுடைய அம்மாவின் கண்ணாடி.
அழகியமண்டபம் வளைவில் அறுந்தது.
சாளை விலை
சொல்லிக்கொண்டிருந்தேன்.