முப்பத்தோராவது சைக்கிள்

சைக்கிளில்தான் வரவேண்டும்.
அந்தச் சாலையில் நடந்து போகக்கூடாது என்பது
அந்தப் பக்கத்து விதி.
அதனால் மைனஸ் பத்தொன்பதில்,
லாப்லாந்துக் காட்டுக்குள்,
ஓட்டத் தெரியாதவர்களும்
சைக்கிளோடு வருகிறார்கள்.

ஹில்க்கா எண்ணுகிறாள்.
சாவடிக்குப் பின்னால் பனியில் சாய்த்துவைத்த முப்பது.
ஒன்றில் முன்கூடை. ஒன்றில் சங்கிலியே இல்லை.
ஒன்று ஆறு வயதுப் பிள்ளைக்கானது, ஊதா நிறம்;
அதில் வந்தவருக்கு ஐம்பது இருக்கும்,
முழங்கால்கள் காதைத் தொடத் தொட மிதித்து வந்தார்.
சிரித்துவிடாமல் எல்லாரும் பல்லைக் கடித்தார்கள்.

இவற்றை முந்நூறு டாலருக்கு விற்பது யார்?
லாரியில் ஏற்றிக் கடைசி வளைவுவரை
கொண்டுவந்து விடுவது யார்?
தெரியாததல்ல.
தடுப்புக்கட்டையைத் தூக்கிவிடும் அந்தப் பக்கத்துச் சிப்பாய்
கையுறையோடு டாட்டா காட்டுகிறான்.
எறிகிறவனுக்கு இவர்கள் கல்.
கல்லுக்குக் குளிருமே என்பது
எறிகிறவன் கவலை இல்லை.

முப்பத்தோராவது ஆள் முக்பில்.
ஏமனில் தயிஸ் நகரம். பல்செட் செய்கிறவன்.
செல்பேசி கழுவிக் கவிழ்த்த தட்டுபோல் இருக்கிறது:
ஒரு படம் இல்லை, ஒரு எண் இல்லை.
"வழியில் பிடித்தால் அடிப்பார்கள், அதனால் அழித்தேன்."
இருக்கலாம்.
அழித்துவிட்டுப் போ என்று அனுப்பப்பட்டவனும்
இதே வாக்கியத்தைத்தான் சொல்வான்,
இதே இருமலோடு.

"பல் செய்கிறவன் என்பதற்கு என்ன சாட்சி?"
இல்போ கேட்கிறான்.
முக்பில் அவன் வாயையே பார்க்கிறான்.
மேல்வரிசை, இடப்பக்கம், ஐந்தாவது;
உறையைக் கொஞ்சம் உயரமாய் மாட்டிவிட்டார்கள்,
ராத்திரியில் தாடை வலிக்குமே?
மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் இதைச் சொல்லி முடிக்குமுன்
இல்போவின் கை தாடைக்குப் போய்விட்டது.
நாலு வருட வலி.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"பல் கட்டத் தெரிந்தவனுக்கு
வெடி கட்டத் தெரியாதா?" என்றான் பிறகு,
வெளியே, சிகரெட்டுக்குப் பின்னாலிருந்து.
அவனைக் கல்நெஞ்சன் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம்.
மூன்று வருடம் முன்பு இதே மேசையில்
அவன் 'சரி' போட்ட ஒருவன்
துறைமுகத்தைப் படமெடுத்து எங்கோ அனுப்பிக்கொண்டிருந்தான்.
யாரும் சாகவில்லை.
இல்போவின் தூக்கம்தான் செத்தது.
அதே வாரம் 'இல்லை' போட்ட இன்னொருவர்
திரும்பிப் போய் என்ன ஆனார்
என்று விசாரிக்க எந்தத் துறையும் இல்லை.
ஒரு தவறுக்குக் கோப்பு உண்டு.
மற்றதற்கு வெறும் காடு.

ஹில்க்காவுக்குத் தெரியாத ஒரு மொழியில்
சந்தேகத்துக்கும் பிச்சைக்கும் ஒரே சொல்: ஐயம்.
எழுதுகிற எனக்கே
இந்த வரிவரை அது உறைத்ததில்லை.
கொண்டாலும் ஐயம், இட்டாலும் ஐயம்.

அவள் 'மேல்விசாரணைக்கு' என்ற கட்டத்தில் குறியிட்டாள்.
கருணை என்று சொல்லிவிடாதீர்கள்.
ஏழு மணிப் பேருந்தில் ஓர் இடம் இருந்தது,
தீர்மானிக்க வேறொருவர் தெற்கே இருந்தார்.
முக்பில் நன்றி சொல்லவில்லை.
ஷூவுக்குள் சுற்றிய பிளாஸ்டிக் பை சரசரக்க
ஏறிப் போனான்.

நள்ளிரவோடு வாயிலை மூட உத்தரவு.
கையெழுத்திட்டவர்களின் அறை கதகதப்பாக இருந்திருக்கும்;
அதனாலேயே அவர்கள் பயம் பொய்யாகிவிடாது.
இரண்டு கான்கிரீட் பாளங்கள், ஒரு கிரேன்.
கால்மணி நேர வேலை.

பதினொன்று ஐம்பதுக்கு
முப்பத்தோராவது சைக்கிளை உருட்டிக்கொண்டு
பின்பக்கம் போனாள் ஹில்க்கா.
பழைய டைனமோ விளக்கு அதில்.
வெளிச்சம் நடுங்கி நடுங்கி
வேலியைத் தாண்டி
சாலையின் வளைவில் போய் விழுந்தது.
அங்கே யாரும் இல்லை.
அல்லது இன்னும் வந்து சேரவில்லை.
நின்று பார்க்கலாம் என்று நினைத்தாள்.

நின்றதும்
விளக்கு அணைந்துவிட்டது.