நோ

உங்கள் பிரசவத் திட்டம் என்று ஒரு படிவம்,
நாலு பக்கம்.
கம்பளக் கடைக்கு மேலே எங்கள் இரண்டு அறை வீட்டில்
சோற்றுப்பானையை நகர்த்திவிட்டு விரித்தேன்.
பீட்டர்பரோவில் அன்று
பின்னேரம் நாலு மணிக்கே இருட்டு.

உங்களோடு யார் இருக்க விரும்புகிறீர்கள்?
ஒரு வரிதான் விட்டிருந்தார்கள்.
கேதீஸ் என்று எழுதினேன்.
அவருக்கு உறைபனிக் களஞ்சியத்தில் இரவு வேலை,
தொலைபேசி லொக்கரில் இருக்கும் என்றும்
ஓரத்தில் பொடியாக எழுதினேன்.
பிள்ளை வாசித்துவிட்டு
நேரம் பார்த்து வரட்டும்.

வெளிச்சம் எப்படி வேண்டும்?
மின்சார மீற்றரில் இரண்டு பவுண்தான் மிச்சம்.
மங்கலாக, என்று போட்டேன்.

இசை?
ஒன்றும் தோன்றவில்லை.
கீழே கடைக்காரர் கம்பளம் வெட்டும் சத்தம்,
நீளமாக, ஒரே இழுவையில்.
அதை எழுதவில்லை.

முந்திய கர்ப்பங்கள்: 2.
உயிரோடுள்ள பிள்ளைகள்: 0.
யாரோ எனக்கு முன்பே
கணினியில் அடித்து வைத்திருந்தார்கள்.
திருத்த ஒன்றுமில்லை.

மூன்று வருடம் ஃபோலிக் அமிலக் குளிசையைக்
கடுகு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.
காலையில் தாளிக்கும்போது ஒன்று.
கேதீஸ் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.
கடுகு முடியப்போகுது போல, என்பார் சில நாட்களில்.
அடுத்த நாள் வேலையால் வரும்போது
பையில் கடுகு இருக்காது,
புதுக் குளிசைப் போத்தல் இருக்கும்.

வலி தணிக்க என்ன வேண்டும்?
வாயு, தொடையில் ஊசி, முதுகில் ஊசி, வெந்நீர்த் தொட்டி.
பிறகு பார்க்கலாம் என்று மூடிவைத்தேன்.

*

பிறகு என்பது ஒரு வியாழன், பின்னிரவு.
வாடகைக் காரின் பின் இருக்கையில்
பனிக்குடத்தோடு சேர்ந்து
என் ஆறு வருட ஆங்கிலமும் உடைந்து ஓடிற்று.

பெர்னடெட் என்ற மருத்துவிச்சி
முகத்துக்குக் கிட்டக் குனிந்து கேட்டாள்:
வலி இருக்கா, லினி?

நோ, என்றேன்.

எங்கள் வீட்டில் வலிக்கு அதுதான் சொல்.
பல்லில் நோ, முழங்காலில் நோ,
மழைக்கு முன் பழைய காயத்தில் நோ.
வாயில் மிஞ்சியிருந்தது அந்த ஓரெழுத்துத்தான்.

நல்லது, என்று எழுதிக்கொண்டாள்.
அரைமணியில் திரும்பி வந்தாள்.
நோ.
கெட்டிக்காரி, என்றாள்.
நோ, நோ, ஐயோ நோ.
எவ்வளவு நன்றாகத் தாங்குகிறாய், என்று
திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போனாள்.

ஐந்து மணிக்குக் கேதீஸ் வந்தார்,
களஞ்சியக் குளிர் இன்னும் இறங்காத தடித்த அங்கியோடு.
உங்கள் மனைவிக்கு வலியே இல்லை,
கேட்டபோதெல்லாம் நோ என்கிறாள், என்றாள் பெர்னடெட்.
அவர் என்னைப் பார்த்தார்.
கட்டில் கம்பியைப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்தார்.

அது தமிழ், என்றார்.

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.
பிறகு கட்டில் காலில் தொங்கிய அட்டையை எடுத்துப்
பெரிய எழுத்தில் எழுதினாள்:
இவர் நோ என்றால் ஆம்.

அதன் பிறகு வந்தவர்கள் எல்லாரும்,
மயக்க மருந்து கொடுக்க வந்த உயரமான பெடியன் உட்பட,
குனிந்து, கவனமாக, நெடிலை நீட்டிக் கேட்டார்கள்:
நோ?
யெஸ், என்றேன்.
திரும்பி வந்த முதல் ஆங்கிலச் சொல்.

வெளியே வந்ததும் அவள் அழவில்லை.
எவ்வளவு நேரம் என்று
கேதீஸ் ஒரு கணக்குச் சொல்கிறார், பெர்னடெட் ஒன்று.
என் கணக்கை நான் சொல்வதில்லை.
பிறகு கத்தினாள்,
யாரோ அவளை ஏமாற்றிவிட்டதுபோல.

*

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்த தாதி
புதுப் படிவம் கொண்டுவந்தாள்.
கர்ப்பங்கள்: 3. பிள்ளைகள்: 1.
சரிதானே, என்று கேட்டாள்.
சரிதான்.
மிச்சம் இரண்டையும் வைக்க
அந்தத் தாளில் பெட்டி இல்லை.

முலைக்காம்பு வெடித்திருக்கிறது.
மேசையில் பாதி குடித்த தேத்தண்ணி ஆறிப் பாடை பிடித்துவிட்டது.
கீழே கம்பளம் வெட்டத் தொடங்குகிறார்கள்,
நீளமாக, ஒரே இழுவையில்.
குடிப்பதை விட்டுவிட்டு
அந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறாள்,
தெரிந்த ஆள் யாரோ கூப்பிட்டதுபோல.