கேட் போட்ட நேரம்

டேப்லெட்டோடு வந்த பெண் கேட்டாள்:
பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்
பால்வாடியில் இருக்கிறான்?
எந்தப் பிள்ளை என்றேன். எனக்கு இரண்டு.

பெரியவன் கெவின்.
மூன்று வயதில் அவனுக்குக் காசு கட்டின ஸ்கூல்.
டை உண்டு, ஷூ உண்டு,
வாசல் சுவரில் சிரிக்கிற யானை உண்டு.
எட்டரைக்கு விட்டால் ஆறு மணிக்குத்தான்.
எக்ஸ்போர்ட் கம்பெனியில் பட்டன் வைக்கிற எனக்கு
அந்த ஆறு மணி பெரிய வரம்.
உள்ளே நாற்பது பிள்ளைக்கு
ஒரு மிஸ், ஒரு டிவி.
வாய்மேல் விரல்.
எடுத்தால் போர்டில் பேர்.
வீட்டில் சோறு தின்னும்போதும்
இடது கை விரல் உதட்டிலேயே இருக்கும்.
ஏ ஃபார் ஆப்பிள் சொல்வான்.
ஆப்பிளைக் கையில் கொடுத்து
இது இன்னாடா என்றால்
என்னைப் பார்ப்பான்,
பதில் என் முகத்தில் எங்கேயோ எழுதியிருப்பது போல.

சின்னவன் ஜெய்டன் பிறந்த வருஷம்
கம்பெனி பாதி ஆளை நிறுத்தியது.
அதனால்தான் பால்வாடி.
தேர்ந்தெடுத்தேன் என்று எழுதிக்கொள்ளாதேம்மா.

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு அந்தப் பக்கம்,
மழை பெய்தால் தரை வியர்க்கிற ஒற்றை அறை.
சாமான் என்று பார்த்தால்
சோடா மூடி ஒரு டப்பா,
கையில்லாத பொம்மை ஒன்று.
மல்லீஸ்வரி டீச்சருக்கு முட்டி வலி,
ஆனாலும் தரையில்தான் உட்காருவாள்.
ஒன்று கேட்பாள். கேட்டுவிட்டு
சும்மா இருப்பாள்.

ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறேன்.
"முட்டைக்குள்ள இன்னா கீது?"
என் பிள்ளை உருட்டுகிறான்,
காதில் வைத்துப் பார்க்கிறான்.
வெளியே எனக்கு வாய் துடிக்கிறது.
அவள் ஈ ஓட்டுகிறாள்.
கடைசியில் "தூக்கம்" என்கிறான்.
"யாரோட தூக்கம்?"
மறுபடியும் சும்மா இருக்கிறாள்.

கஞ்சி, தூக்கம் கழித்தால்
மொத்தம் மூன்று மணி நேரம்.
அதுவும் டீச்சர் இருக்கிற நாளில்.
ஓட்டர் லிஸ்ட், சொட்டு மருந்து, மீட்டிங் என்று
அவளைக் கூட்டிக்கொண்டு போன நாளில்
ஆயா மட்டும்;
உலையைப் பார்ப்பாளா, பிள்ளையைப் பார்ப்பாளா?
அன்றைக்கு அவன் பேசாமல் வீட்டுக்கு வருவான்.
அதற்கு உன் டேப்லெட்டில் கட்டம் இருக்கிறதா?

ஆறு மணி வரை திறந்தால் அனுப்புவீங்களா என்றாள்.
அனுப்புவேன். இப்போது இறால் ஷெட் வேலை.
ஆனால் மூன்றிலிருந்து ஆறு வரை அங்கே யார்?
அதே முட்டியா, அதே சம்பளத்துக்கா?
குடம் எவ்வளவு பெரிசு என்று கேட்கிறாய்,
லாரியில் இன்னா தண்ணி வந்தது என்று கேள்.

கெவின் கெட்டுப்போகவில்லை.
கணக்கில் நல்ல மார்க்.
கை மட்டும் தூக்கமாட்டான் என்றாள் அவன் மிஸ்.
ஸ்கூல்தான் காரணமா, தெரியாது.
அந்த வருஷங்களில் வீட்டில் அவன் அப்பா போட்ட சத்தமும்
கொஞ்சமில்லை.
இதை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் கேட் போட்டிருந்தது.
கூட்ஸ். எண்ணெய் டேங்க்.
ஜெய்டன் எண்ணிக்கொண்டே வந்தான்,
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது,
அப்புறம் அவன் நாற்பது, அவன் ஐம்பது,
திரும்ப முப்பது.
கடைசிப் பெட்டி போனதும் கேட்டான்:
"ரயிலு பூட்ச்சி,
சத்தம் மட்டும் எங்கம்மா போவுது?"

வாய் வரை வந்துவிட்டது,
வாயை மூடிக்கினு நட என்பது.
பத்துக்குமேல் போனால் அரைக் கூலி.

கெவின் பக்கம் திரும்பினேன்.
"நீ சொல்லுடா."

கேட் தூக்கிவிட்டார்கள்.
பின்னால் ஆட்டோ, டிரெய்லர், அத்தனை ஹாரன்.
ஒருத்தன் அசிங்கமாய்த் திட்டினான்.
நான் நிற்கிறேன்.
கெவின் கை மேலே போகிறது,
விரல்
உதட்டுக்குப் பாதி வழியில்.