முதல் இலைக்கு மட்டும்

முதல் இலையைக் கசக்கி முகர்ந்தாள் மில்கா.
பூண்டு.
இரண்டாவதும் பூண்டு.
ஐம்பதாவது இலையும் பூண்டுதான்,
அதற்குள் அவள் விரல்களே பூண்டாகிவிட்டிருந்தன.
ஒரு பிடி வைக்கோலைக் கசக்கியிருந்தாலும்
பூண்டென்றே சத்தியம் செய்திருப்பாள்.

கோல்ப்பா ஆற்றின் மேட்டுக்கரையில்
பனி உருகி மூன்று வாரம்.
ஓக் மரங்கள் இன்னும் மொட்டையாய் நிற்க
காடு தரையோடு தரையாய்ப் பச்சை பிடித்திருந்தது.
செமாஷ் என்பார்கள் ஸ்லோவேனியாவில்.
நாம் கரடிப்பூண்டு என்று வைத்துக்கொள்வோம்.
தூக்கம் கலைந்த கரடி முதலில் தேடுவது இதைத்தானாம்,
ஊர்ப்பேச்சு.
கரடிக்கு அவசரமில்லை, பை இல்லை,
வாய் வாயாகத் தின்னும்.
மில்காவுக்கு ஆறு மணிக்குள் சூப் கொதிக்க வேண்டும்.

ஆறு மணிக்கு ஸ்தானே வருகிறான்.
இறந்த கணவனின் தம்பி.
நாலு பிளம் மரம் நிற்கும் மூன்று மீட்டர் நிலத்துக்காக
ஏழு வருடம் முகம் திருப்பிப் போனவன்.
நேற்று தொலைபேசியில்,
"கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், சூப் வைப்பாயா?"
என்றான்,
காலையில் கோபித்துக்கொண்டு போனவன் போல.

பையை மேசையில் கவிழ்த்தாள்.
ஒன்று மட்டும் சறுக்கி விழுந்தது.

விறைப்பான இலை.
முதுகும் முகமும் ஒரே மினுக்கு.
காம்பில்லை.
ஒன்றின் மடியில் ஒன்றாய் மூன்று,
ஒரே இடத்திலிருந்து கிளம்பியிருந்தன.
கரடிப்பூண்டு அப்படியல்ல,
இலைக்கு இலை தனிக் கால்,
அடிப்பக்கம் மங்கல், தொட்டால் துவளும்.

இது போட்லேஸெக்.
செப்டம்பரில் புல்வெளியெங்கும்
வெளிர் ஊதாவில் எழும்பும்,
பூக்கும்போது இலை கிடையாது,
இலை விடும்போது பூ கிடையாது.
ஆளைப் பாதி பாதியாய்க் காட்டுகிறவனை
எந்தப் படத்தை வைத்து அடையாளம் சொல்வது?
மழைக்கால வேலியில் தீயாய் ஏறுமே செங்காந்தள்,
அதற்கு இது பங்காளி. நஞ்சும் அதே நஞ்சு.
பங்காளி என்ற சொல் மில்காவின் மொழியில் இல்லை.
வேலி இருக்கிறது.

தின்றதும் காட்டிக்கொடுக்காது.
பாத்திரம் கழுவி, விளக்கணைத்து,
நல்லிரவு சொல்லிப் படுக்க விடும்.
விடியலில் வயிற்றைப் பிடிக்கும்.
பிறகு மருத்துவர்கள் காத்திருப்பார்கள்,
முறிக்க மருந்தில்லாத காத்திருப்பு.

சோப்புப் போட்டுக் கழுவினாள். எலுமிச்சை தேய்த்தாள்.
கை இன்னும் மணத்தது.
மூக்கை ஓரங்கட்டிவிட்டு
ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாய்க்
காலைத் தேடினாள்.
இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.
அப்புறம் கிழிந்த துண்டுகள்,
கால் எது, தலை எது என்று சொல்ல மறுப்பவை.

ஸ்தானேவுக்கு ஏதாவது ஆகியிருந்தால்
தெரியாமல் பறித்தேன் என்பதை யார் நம்புவார்கள்?
ஏழு வருடம், மூன்று மீட்டர்,
ஒரு கிண்ணம் சூப்.
கை ஒரு நொடி நின்றது.
அந்த நொடியை அவள் யாரிடமும் சொல்லப் போவதில்லை.
நானும் எழுதியிருக்கக் கூடாது.

மொத்தத்தையும் அள்ளினாள், நல்லதையும் சேர்த்து.
கோழிகள் கிளறாத ஆழத்தில் புதைத்தாள்.
ஒரே ஓர் இலையை மட்டும்
ஜாடிக்குள் மூடி ஜன்னலில் வைத்தாள்.

"சூப் எங்கே?" என்றான் வந்தவன்.
அவள் ஜாடியைக் காட்டினாள்.
திறந்து முகர்ந்தான்,
அந்தச் சமையலறையில் சுவரே மணத்தது.
"பூண்டுதானே!"
"மூக்கை விடு. காம்பைப் பார்."

திருப்பினான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு
மறுபடி திருப்பினான்.
இல்லாத காம்பைத்
தேவைக்கு மேல் நேரமெடுத்துத் தேடினான்.
கை கழுவி வந்து உட்கார்ந்து கேட்டான்:
"எங்கே பறித்தாய்?"

"நேரமாகிவிட்டதென்று கடைசிப் பிடியை மட்டும்
பிளம் மரத்தடியில்."

ஸ்தானே தாள்களை எடுத்தான்.
பேனா மூடியைக் கழற்றினான்.
"என் பக்கத்திலா, உன் பக்கத்திலா?"

தட்டில் முட்டை ஆறிக்கொண்டிருந்தது.