முப்பத்தேழு நிமிடம்

காலை ஐந்து ஐம்பது.
தாட்சாயணி பல்துலக்கியோடே பேசத் தொடங்குவாள்,
நுரை தெறிக்க:
கனவில் வந்த நாய்க்கு என்ன பெயர் வைப்பது,
மிஸ் லிம் நேற்று ஏன் கோபமாய் இருந்தார்,
பக்கத்து வீட்டு மக்சிக் கொடுத்த குவே
மிச்சம் இருக்கிறதா,
இடைவேளைக்கு இரண்டு வெள்ளி எந்த மூலைக்கு.

கவினேஷ் கட்டில் விளிம்பில்
காலுறையை நான்காம் முறை கழற்றி மாட்டுவான்.
தையல் விரல்நுனியில் உறுத்துகிறது.
சொல்ல மாட்டான்.
கழற்றுவதைப் பார்த்து
நாமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவளுக்குப் பதினொன்று, இவனுக்கு எட்டு.
ஒரே பானைச் சோறு
அவளுக்குக் குழைந்திருக்க வேண்டும்,
இவனுக்குப் பருக்கை பருக்கையாய்.
ஒரு வயிற்றுப் பிள்ளைகளா என்று
பத்தாம் மாடியிலிருந்து கீழே போவதற்குள்
யாராவது கேட்டுவிடுவார்கள்.

பெற்றோர் சந்திப்பில்
அவளுடைய ஆசிரியர்: கொஞ்சம் அடக்கி வையுங்கள்.
இவனுடைய ஆசிரியர்: கொஞ்சம் பேச வையுங்கள்.
இரண்டு வகுப்புக்கும் நடுவே படிக்கட்டில் நின்று
நானும் ரேணுகாவும் சிரித்தோம்.
தே தாரிக் ஆற்றுகிறவரைப் போல
இந்தக் குவளையில் இருந்து அந்தக் குவளைக்குக்
கொஞ்சம் ஊற்ற முடிந்தால்.
வீட்டுக்கு வரும் வழியில் சிரிக்கவில்லை.

நான் மின்தூக்கி பழுதுபார்ப்பவன்.
எவர் எங்கே சிக்கினாலும்
அரைமணிக்குள் போய் நிற்பவன்.
போன மாதம் ஒரு புதன்கிழமை
யீஷூனில் எங்கள் புளோக்கிலேயே நின்றுபோனது,
ஏழுக்கும் ஆறுக்கும் நடுவில்.
உள்ளே இவர்கள் இருவர் மட்டும்.
நான் பூன் லேயில், யாருடைய கதவுக்கோ கீழே,
முழங்கை வரை கிரீஸோடு.
என் பிள்ளைகளை வேறொருவன் இறக்கிவிட்டான்.

சின்னவன் அழுதிருப்பான் என்று நினைத்தேன்.
அவள் சமாளித்திருப்பாள்,
கத்தியே ஊரைக் கூட்டியிருப்பாள்.

மன்ற அலுவலகத்து ஹஃபீஸ்
காட்டக் கூடாதுதான், காட்டினார்.
ஒலியில்லாத பதிவு.
மேலிருந்து இரண்டு தலைகள், ஒரு சிவப்பு நீர்ப்புட்டி.
அவள் மணியை அழுத்துகிறாள். கதவைத் தட்டுகிறாள்.
பிறகு மூலையில் சரிந்து
முழங்காலில் முகம் புதைக்கிறாள்.
தூக்கத்தில்கூட முணுமுணுக்கிற பெண்.

இவன் எதிரே சம்மணமிட்டு
காலுறை இரண்டையும் கழற்றி
ஓரமாய் வைத்துவிட்டு
பேசுகிறான்.
பேசிக்கொண்டே இருக்கிறான்.
விரல்விட்டு எதையோ எண்ணுகிறான்.
கைகளை அகல விரித்துக் காட்டுகிறான்,
திமிங்கலமோ, இரட்டை மாடிப் பேருந்தோ.
பதினெட்டாம் நிமிடம் அவள் நிமிர்கிறாள்.
இருபத்திரண்டில் ஏதோ கேட்கிறாள்.
இவன் யோசித்து, தலையாட்டி,
மறுபடி தொடர்கிறான்.

போதுமா என்றார் ஹஃபீஸ்.
ஓடட்டும் என்றேன்.

என்னடா சொன்னே அவகிட்ட?
“மறந்துட்டேன்.”
அவளிடம் கேட்டேன்.
இறக்கிவிட்டவரின் மீசை, அவருடைய ஏணி,
கீழே கூடி நின்றவர்கள் யார் யார்,
எல்லாம் சொன்னாள், ஒரு மணி நேரம்.
அதை மட்டும் சொல்லவில்லை.

அன்றிரவே மிஞ்சிய ஒரு மீன் உருண்டைக்கு
அடித்துக்கொண்டார்கள்.
அவள் வழக்குரைத்தாள், இவன் கடித்தான்,
அவள் மணிக்கட்டை.

இப்போதும் காலையில் மூவருமாய் இறங்குகிறோம்.
நாய்க்கு இன்னும் பெயர் வைத்தபாடில்லை.
இவன் எண்கள் மாறுவதைப் பார்க்கிறான்.
ஏழைக் கடக்கையில்
அவள் பேச்சு ஒரு கணம் நிற்கும்.
பொத்தான்களைப் பார்த்தபடியே இவன்
வாய்க்குள் ஒரு சொல் சொல்வான்.
ஆறு வரும். அவள் விட்ட இடத்தில் தொடங்குவாள்.

கம்பிவடம் முனகுவதை வைத்தே
எங்கே தேய்மானம் என்று சொல்லிவிடுவேன் நான்.
அந்தச் சொல் இன்னும் என் காதில் விழவில்லை.

பள்ளிப் பேருந்து வந்துவிட்டது.
நீர்ப்புட்டி மேலேயே இருக்கிறது.
மறுபடி ஏறுகிறேன்.