சனிக்கிழமைக் கணக்கு

பெர்கனில் சனிக்கிழமை மட்டும்தான் மிட்டாய்.
சட்டம் இல்லை. சட்டத்தைவிடக் கெட்டி.
வெள்ளி இரவுவரை வாயைக் கட்டியிருக்கும் ஊர்
விடிந்ததும் கடைக்குள் பாய்ந்து
காகிதப் பையில் அள்ளி, நிறுத்து வாங்கும்.
எண்ணெய்க் கப்பலில் வேலை பார்க்கும் தாடிக்காரர்
சிவப்பு மீன் மிட்டாயை மட்டும்
பொறுக்கிக்கொண்டு நிற்பார்,
பின்னால் குழந்தைகள் காத்திருப்பது தெரியாமல்.

நான் ஆன்டெப்காரன்.
பிஸ்தாவுக்குப் பெயர்போன ஊர்.
வாரத்துக்கு ஒரு நாள் என்றபோது
மூச்சுமா, என்று கேட்டேன்.

ஒக்கேஷ் என்ற என் பெயரை
வேலையிடத்தில் ஓக்கே என்று குறுக்கிவிட்டார்கள்,
எதை நீட்டினாலும் சம்மதிப்பவன் மாதிரி.
சம்மதம்தான்.
திங்கள் ஏலக்காய் பன்,
செவ்வாய் பட்டைச் சுருள்,
புதன் யாருக்காவது பிறந்தநாள்.
இருபத்தாறு பேர் இருக்கும் இடத்தில்
புதனுக்குப் பஞ்சமே வராது.

நான் செய்வது பல்.
பீங்கான் பல், உறை, பாலம்.
ஊரார் தின்ற சர்க்கரையின் பின்விளைவை
மெழுகில் வார்த்துச் சீர்செய்யும்போது
என் கடைவாயில் ஒரு கேரமல்
மெல்லக் கரைந்துகொண்டிருக்கும்.

மருத்துவர் ரத்தப் பரிசோதனைத் தாளைத்
திருப்பிக் காட்டினார்.
திட்டவில்லை. இங்கே திட்டமாட்டார்கள்.
வட்டமிட்ட எண்ணைக் காட்டிவிட்டு
ஜன்னலைப் பார்ப்பார்கள்.
ஜன்னலில் மலை இருந்தது.

ஆகவே மலை.
ஸ்டோல்ட்செக்லைவன்:
பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்
அரை பன் எரிந்துவிடும்.
கல்லை அடுக்கிய தொள்ளாயிரம் சொச்சம் படி,
ஒவ்வொன்றிலும் நேற்றைய மழை,
அதன்மேல் இன்றைய மழை.

வரவேற்பு மேசை குன்வோர்
ஆடு மாதிரி ஏறுவாள்.
ஏறிக்கொண்டே வீட்டுக்கடன் பேசுவாள்.
மூச்சைப் பிடித்து நான் பதில் சொல்வதற்குள்
வட்டி விகிதம் மாறியிருக்கும்.

கரும்பு தின்னக் கூலியா, என்பார்கள்.
இங்கே கூலி கொடுப்பவன் நான்தான்,
முழங்காலில்.

ஒரு நோட்டு போட்டேன்.
பன்னுக்கு இருநூறு படி,
கேரமலுக்கு நாற்பது,
மாவு தட்டிப் பார்த்ததற்கு ஒன்றுமில்லை.
முதல் மாதக் கடைசியில்
ஆறாயிரம் படி பாக்கி.
எவரெஸ்டையே எழுதிக் கொடுத்தாலும் தீராது.

நவம்பரில் அக்கா நெஸ்லிஹான்
யாரோ பயணியிடம் கொடுத்தனுப்பினாள்:
இரண்டு கிலோ பக்லாவா.
வந்து சேர்ந்தது செவ்வாய்.
சனிக்கு இன்னும் நாலு நாள்.
அலமாரியில் ஒளித்தேன்.
போதவில்லை.
துவைக்கும் இயந்திரத்துக்குள் வைத்தேன்.
இரவு இரண்டு மணிக்கு
அழுக்குத்துணி ஏதுமில்லாமல்
அதன் முன்னால் நின்றேன்.

மறுநாள் மாலை பெட்டியை முதுகில் மாட்டி
படியேறினேன்.
ஏறி முடித்த பிறகே தின்பது.
கடன் வைக்காத இனிப்பு
வாழ்நாளில் ஒன்றாவது வேண்டும்.

உச்சியில் மூடுபனி.
நெற்றியில் விளக்கு கட்டிய பதினொரு பேர்
ஆவி பறக்க நின்றார்கள்.
குன்வோர் மோப்பம் பிடித்துவிட்டாள்.
திறந்தேன், வேறென்ன செய்ய.
நாலே நிமிடம்.
இன்று புதன்கிழமை ஆயிற்றே, என்றார் ஒருவர்,
வாய் நிறைய வைத்துக்கொண்டு.

பெட்டியின் மூலையில் கொஞ்சம் பாகு மிச்சம்.
அதிலும் மழை விழுந்துகொண்டிருந்தது.
சாய்த்துக் குடித்தேன்.
ஆன்டெப் பாதி, பெர்கன் பாதி.
பெரிய இனிப்பில்லை.
யாரோ என் முதுகில் தட்டினார்கள்,
ஈரக் கையுறையோடு,
விரலெல்லாம் பிசுபிசுக்க.

கால் நடுங்க இறங்கினேன்.
அடிவாரத்து பேக்கரி
மூடப்போகும் நேரம்.
பாதி விலையில் ஒரே ஒரு பன்.
நோட்டின்படி பார்த்தால்
இன்றைக்கு என் பெயரில் வரவு மட்டும்தான்.

சூடாக்கித் தரவா, என்றாள் கடைப்பெண்.
ஓக்கே, என்றேன்.
பெயராக்கும் என்று நினைத்து
பையின்மேல் எழுதிவைத்தாள்.